பர்லிங்கேம் சீனர்களுக்குக் குடியுரிமை வாங்கித் தந்தாரா?

வாசகர் கேட்டது, பிப்ரவரி 2
அமெரிக்காவின் சீனத் தூதராக இருந்த ஆன்சன் பர்லிங்கேம், பதவியை விட்ட கையோடு சீனாவின் தூதராகவே மாறி வாஷிங்டனுக்கு வந்தார். 1868-இல் ஓர் ஒப்பந்தம் போட்டு சீனர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வாங்கித் தந்தார். சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்த 1882 விலக்குச் சட்டம் அதைப் பறித்துக்கொண்டது. இப்படித்தான் படித்தேன். சரியா? சரியென்றால், அவர் செய்தது ஒருவகைக் கட்சித் தாவல்தானே?

பிப்ரவரி 2, இரவு
தூதராக மாறியது உண்மை. குடியுரிமை வாங்கித் தந்தார் என்பது தவறு. அந்த ஒப்பந்தமே அதை எழுத்தில் மறுத்திருக்கிறது.

6-ஆம் ஷரத்தைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். அமெரிக்காவில் பயணம் செய்கிற, தங்கியிருக்கிற சீனர்களுக்கு மிகவும் சலுகை பெற்ற நாட்டின் குடிமக்களுக்கு உள்ள அதே உரிமைகள் உண்டு. சீனாவில் அமெரிக்கர்களுக்கும் அப்படியே. இதுதான் முதல் பகுதி. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசி வாக்கியம், இதிலுள்ள எதுவும் குடியுரிமை வழங்குவதாகக் கொள்ளப்படாது என்கிறது. ஆக ஒரு சீனர் வரலாம், கடை வைக்கலாம், சாகும்வரை இருக்கலாம். ஆனால் இந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் குடிமகனாக முடியாது. அந்த மனிதர்கள் பின்னால் பட்ட பாடெல்லாம் இந்த இடைவெளியில் விழுந்து பட்ட பாடு.

பிப்ரவரி 3
மற்ற ஷரத்துகளையும் கேட்கிறார்கள். மொத்தம் எட்டு. வில்லியம் சீவர்ட் அப்போதைய அமெரிக்க வெளியுறவுச் செயலர். வரைவு பெரும்பாலும் அவருடையது.

1: வெளிநாட்டவர் வணிகத்துக்கு இடம் பெற்ற பகுதிகளிலும் மண்ணின் உரிமை சீனாவுடையதே. 2: ஒப்பந்தத்தில் சொல்லாத வணிகச் சலுகை எதுவும் சீன அரசின் விருப்பம். 3: அமெரிக்கத் துறைமுகங்களில் சீனா தூதரக அதிகாரிகளை வைக்கலாம். 4: இரு தரப்புக்கும் வழிபாட்டுச் சுதந்திரம், இடுகாடுகளுக்குப் பாதுகாப்பு. 7: அரசுக் கல்வி நிலையங்களில் இடம். 8: ரயில், தந்தி எப்போது, எப்படி என்பதைச் சீனப் பேரரசரே முடிவு செய்வார்; அமெரிக்கா உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடாது; அவர் கேட்டால் பொறியாளர்களை அனுப்பும், செலவு சீனாவுடையது.

5-ஐத் தனியாகப் பிரித்து வைத்தேன், காரணம் இருக்கிறது. வீட்டையும் விசுவாசத்தையும் மாற்றிக்கொள்வது மனிதனின் பிறப்புரிமை என்று இரு அரசுகளும் அதில் ஒப்புக்கொள்கின்றன. பார்க்க வரலாம், வணிகத்துக்கு வரலாம், நிரந்தரமாகக் குடியேறவும் வரலாம். அதே ஷரத்தின் மறுபாதி, சொந்த விருப்பம் இல்லாமல் ஆட்களைக் கப்பலேற்றுவதைக் குற்றமாக்கச் சொல்கிறது. மக்காவ் வழியாகப் பெருவுக்கும் கியூபாவுக்கும் ஆள் ஏற்றிய கூலி வணிகம் உச்சத்தில் இருந்த காலம் அது. 1862-லேயே அமெரிக்கக் கப்பல்கள் அதில் இறங்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டிருந்தது. விரும்பி வருகிறவனுக்கும் பிடித்து ஏற்றப்படுகிறவனுக்கும் நடுவே கோடு போடுவதுதான் 5-இன் வேலை. பின்னாளில் கலிபோர்னியா அரசியல்வாதிகள் எல்லாச் சீனரையும் 'கூலி' என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கோட்டை அழித்தார்கள்.

பிப்ரவரி 3, சற்று நேரம் கழித்து
ஒரு திருத்தம். இது தனி ஒப்பந்தம் அல்ல. அமெரிக்காவும் சீனாவும் 1858-இல் போட்ட தியான்ஜின் ஒப்பந்தத்துக்கான கூடுதல் ஷரத்துகள். 1858-இல் சீனாவிடமிருந்து பிடுங்கப்பட்ட சலுகைகள், அமெரிக்கர்களைச் சீன நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பது உட்பட, அப்படியே நின்றன. சமத்துவ ஒப்பந்தம் என்று இதைப் புகழ்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சமத்துவம் இருந்தது இந்த எட்டு ஷரத்துகளில் மட்டும்தான். கீழே கிடந்த அடித்தளம் சமமானது அல்ல.

பிப்ரவரி 5
தேதியைப் பாருங்கள். கையெழுத்தானது 1868 ஜூலை 28.

முந்தைய நாள், ஜூலை 27, நாட்டுரிமையைத் துறப்பது எல்லா மனிதருக்கும் இயற்கையான உரிமை என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அது சீனர்களை மனதில் வைத்து வந்ததல்ல. அமெரிக்கக் குடிமக்களான அயர்லாந்துக்காரர்களைப் பிரிட்டன் இன்னும் தன் பிரஜைகள் என்று சொல்லிச் சிறை வைத்ததால் வந்தது. 5-ஆம் ஷரத்தின் சொற்களும் அந்தச் சட்டத்தின் சொற்களும் ஒரே காற்றில் பிறந்தவை.

ஜூலை 28 அன்றே இன்னொன்றும் நடந்தது. அரசமைப்பின் 14-ஆம் திருத்தம் நிறைவேறிவிட்டது என்று சீவர்ட் சான்றளித்தார். ஜூலை 20-இல் ஒரு முறை நிபந்தனையோடு அறிவித்திருந்தார், ஏனென்றால் ஒஹையோவும் நியூ ஜெர்சியும் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறப் பார்த்தன. 28-இல் நிபந்தனையை எடுத்துவிட்டார். ஒப்பந்தத்தில், சீனருக்குக் குடியுரிமை வழங்கியதாகக் கொள்ளாதே என்று எழுதியிருக்கிறது. திருத்தத்தில், இந்த மண்ணில் பிறந்தவன் குடிமகன் என்று எழுதியிருக்கிறது. இரண்டிலும் ஒரே நாளில் ஒரே ஆளின் கையெழுத்து.

1873-இல் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் வோங் கிம் ஆர்க். 1895-இல் சீனா போய்த் திரும்பியபோது துறைமுகத்தில் தடுத்தார்கள். 1898-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்று அவர் குடிமகனே என்றது. பெற்றோர் சீனப் பேரரசரின் பிரஜைகளாக இருந்துகொண்டே அமெரிக்காவில் நிரந்தரமாக வசித்தவர்கள் என்பது தீர்ப்பில் முக்கியமான குறிப்பு. அப்படி வசிக்கலாம் என்று 1868-இல் எழுதிவைத்தது 5-ஆம் ஷரத்து.

பிப்ரவரி 6
"அதற்கு முன் பர்லிங்கேம் யார்?" என்று ஒருவர் கேட்கிறார். அரசியல்வாதி, நல்ல மேடைப் பேச்சாளர். 1820-இல் நியூ யார்க் மாநிலத்தின் நியூ பெர்லினில் பிறந்தார். ஒஹையோவிலும் மிச்சிகனிலும் வளர்ந்தார். 1846-இல் ஹார்வர்டில் சட்டம் முடித்து பாஸ்டனில் வக்கீலானார். அடிமை முறை புதிய நிலங்களுக்குப் பரவக்கூடாது என்ற ஃப்ரீ சாயில் கட்சிக்காகப் பேசிப் பெயர் எடுத்தார். 1855 முதல் 1861 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்தார். முதல் முறை அவர் ஜெயித்தது குடியேறிகளை வெறுத்த 'நோ நத்திங்' கட்சியின் அலையில். இதை மறைக்கக்கூடாது. குடியேற்ற உரிமையை எழுத்தில் கொண்டுவந்தவரின் முதல் காங்கிரஸ் சீட்டு அந்த அணியில் கிடைத்ததுதான். அங்கிருந்து சீக்கிரமே குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டார்.

நாடு முழுக்க அவர் பெயர் தெரிந்தது 1856-இல். மே 22 அன்று தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ், அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சார்லஸ் சம்னரைச் செனட் சபைக்குள்ளேயே கைத்தடி உடையும்வரை அடித்தார். நீதிமன்றம் விதித்த தண்டனை 300 டாலர் அபராதம். ஜூன் 21 அன்று பர்லிங்கேம் சபையில் எழுந்து அந்தச் செயலைக் கோழைத்தனம் என்று கிழித்தார். புரூக்ஸ் விடவில்லை. முதலில் இருதரப்பு நண்பர்கள் ஒரு சமாதானக் குறிப்பு தயார் செய்தார்கள். அது மன்னிப்பாகப் படிக்கப்பட்டதும் பர்லிங்கேம் அதைப் பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். உடனே துவந்த யுத்தத்துக்கு அழைப்பு வந்தது.

இங்கே முறைமை தெரிந்தால்தான் அவர் செய்ததன் கெட்டிக்காரத்தனம் புரியும். ஆயுதத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பது அழைக்கப்பட்டவரின் உரிமை. வாஷிங்டனில் 1839 சட்டப்படி அழைப்பு விடுப்பதே குற்றம். அதனால் அவர் சொன்ன இடம் நயாகரா அருவியின் கனடா பக்கம், ஆயுதம் ரைபிள். மிச்சிகன் எல்லைப்புறத்தில் வளர்ந்தவர், குறி தப்பாதவர் என்று பெயர். புரூக்ஸ் அங்கே போவதென்றால் வடக்கு மாநிலங்களைக் கடந்துதான் போக வேண்டும். எதிரிகளின் மண் வழியாகப் போக முடியாது என்று மறுத்துவிட்டார். வடக்கில் பர்லிங்கேம் ஒரே நாளில் வீரரானார்.

பிப்ரவரி 6, பின்குறிப்பு
சம்னர் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

பிப்ரவரி 8
சீனாவுக்கு பர்லிங்கேமை முதலில் அனுப்பவே இல்லை. 1860 தேர்தலில் தோற்றவருக்கு லிங்கன் 1861-இல் கொடுத்தது ஆஸ்திரியா. வியன்னா ஏற்க மறுத்தது. ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த ஹங்கேரியத் தலைவர் கொசுத்தை ஆதரித்தவர், ஆஸ்திரியாவின் எதிரியான சார்டினியாவுக்கு உயர்நிலைத் தூதரகம் வேண்டும் என்று சபையில் பேசியவர். இரண்டும் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசின் கண்ணில் குத்தியவை. அதன் பிறகே பெய்ஜிங்.

1862-இல் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஆங்கில-பிரெஞ்சுப் படை நகருக்குள் புகுந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டு விவகாரங்களுக்கென்று சோங்லி யாமென் என்ற சீன அரசு அலுவலகம் 1861-இல்தான் பிறந்தது. பொறுப்பில் இளவரசர் குங், அவருக்கு வலது கையாக வென்சியாங். அமெரிக்கா உள்நாட்டுப் போரில் மூழ்கியிருந்ததால் பர்லிங்கேம் கையில் படையும் இல்லை, கப்பலும் இல்லை. அவருடைய 'ஒத்துழைப்புக் கொள்கை' இந்த வெறுங்கையிலிருந்துதான் பிறந்தது: துப்பாக்கிப் படகுக்குப் பதில் பேச்சு, நிலம் பிடிப்பதில்லை, சிக்கலை அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யத் தூதர்கள் நால்வரும் சேர்ந்து தீர்ப்பது. பிரிட்டிஷ் தூதர் ஃபிரெடரிக் புரூஸ் இதில் நெருங்கிய கூட்டாளி. 1860-இல் பெய்ஜிங்கின் கோடை அரண்மனையை எரிக்கச் சொன்ன எல்ஜின் பிரபுவின் தம்பி அவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நடைமுறையில் இது என்ன செய்தது? ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மிஷனரி டபிள்யூ. ஏ. பி. மார்ட்டின், ஹென்றி வீட்டனின் சர்வதேசச் சட்ட நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1863-இல் அவரை யாமெனுக்கு அறிமுகம் செய்தது பர்லிங்கேம். 1864-இல் பிரஷ்யத் தூதர் வந்த போர்க்கப்பல், சீனக் கரையில் தாகு அருகே மூன்று டென்மார்க் வணிகக் கப்பல்களைப் பிடித்தது; ஐரோப்பாவில் இரு நாடுகளுக்கும் போர். இளவரசர் குங், இது சீனாவின் கடல் எல்லை, இங்கே உங்கள் சண்டை செல்லாது என்று அந்தக் கையெழுத்துப் பிரதியிலிருந்த வாதத்தை எடுத்து வைத்தார். கப்பல்களை விடும்வரை தூதரைச் சந்திக்க மறுத்தார். கப்பல்கள் விடுவிக்கப்பட்டன, 1,500 டாலர் இழப்பீடும் வந்தது. அதன் பிறகு யாமென் 300 பிரதிகளை வாங்கி மாகாண அதிகாரிகளுக்கு அனுப்பியது. ஒரு புத்தகம் அச்சேறும் முன்பே வழக்கு ஜெயித்துக் கொடுத்தது.

பிப்ரவரி 9
இப்போது 'கட்சித் தாவல்'. 1867-இல் பர்லிங்கேம் பதவி விலகி ஊர் திரும்பத் தயாராகிறார். பிரிவு விருந்தில் வென்சியாங் கேட்கிறார், எங்களுக்காகவும் பேசுவீர்களா என்று. நவம்பரில் அரசாணை வந்தது. அமெரிக்கப் பதவியை முறைப்படி விட்ட பிறகே புதிய பொறுப்பு. இரண்டு சம்பளம் வாங்கவில்லை, மறைக்கவும் இல்லை. என் கணிப்பில் இது தாவல் அல்ல. ஆறு வருடமாகச் சொல்லிவந்ததையே இப்போது நாற்காலியின் மறுபக்கத்திலிருந்து சொன்னார்.

சீனா ஏன் வெளிநாட்டவரை அனுப்பியது என்பதுதான் நல்ல கேள்வி. இரண்டு காரணம். தியான்ஜின் ஒப்பந்தங்களைத் திருத்தும் பத்தாண்டுத் தவணை 1868-இல் வருகிறது. வல்லரசுகள் ரயிலும் தந்தியும் கேட்டு நெருக்கும் என்ற பயம். அடுத்தது மரியாதை முறை. சீன உயரதிகாரி ஒருவர் ஐரோப்பிய மன்னர் முன் நின்று தலை வணங்கினால் போதும், பெய்ஜிங்கிலுள்ள வெளிநாட்டுத் தூதர்கள் நாங்களும் உங்கள் பேரரசர் முன் அப்படியே, மண்டியிடாமல் நிற்போம் என்று கேட்பார்கள். தலைமையில் வெளிநாட்டவர் இருந்தால் அதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. பேரரசர் வெளிநாட்டுத் தூதர்களை நேரில் சந்தித்தது 1873-இல்தான். அதுவரை அந்தக் கதவை மூடி வைத்தார்கள்.

அவருக்குச் சமமாக ஜிகாங் என்ற மஞ்சு அதிகாரியும், சுன் ஜியாகு என்ற ஹான் அதிகாரியும் போனார்கள். செயலர்களில் ஒருவர் பிரிட்டிஷ்காரர், ஒருவர் பிரெஞ்சுக்காரர். எந்த வல்லரசும் முகம் சுளிக்கக்கூடாது என்ற கணக்கு. ஏறத்தாழ முப்பது பேர்.

பிப்ரவரி 10
கொடி பற்றி: நாட்டுக்கென்று கொடி இல்லாததால் இந்தப் பயணத்துக்காகவே ஒன்று செய்தார்கள். மஞ்சள் துணி, நீலக் கரை, நடுவில் டிராகன். ஜிகாங் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

பிப்ரவரி 12
எங்கே கோளாறு ஆனது என்று பார்ப்போம். 1868 மார்ச் கடைசியில் சான் பிரான்சிஸ்கோ, ஜூனில் வாஷிங்டன். ஜூன் 23 அன்று நியூ யார்க் விருந்தில் பர்லிங்கேம் பேசினார். சீனாவை அதன் போக்கில் விடுங்கள் என்று கேட்டவரை சரி. அதோடு நிற்காமல், சீனா மேற்கைக் கைநீட்டி அழைக்கிறது, ஒவ்வொரு குன்றிலும் சிலுவையை நடச் சொல்கிறது என்றும் சொல்லிவிட்டார். யாமென் அப்படி எதையும் சொல்லச் சொல்லவில்லை. சீனத் துறைமுகங்களில் இருந்த வெளிநாட்டு வணிகர்கள் கொதித்தார்கள். அவருக்கு அடுத்து அமெரிக்கத் தூதராக வந்த ஜே. ராஸ் பிரவுன், நிலவரம் அப்படி இல்லை என்று வணிகர்களிடமே சொன்னார். பிரவுன் 1869-இல் திரும்ப அழைக்கப்பட்டார்.

மேடைப் பேச்சாளருக்கு மேடையே வினையானது. 1856-இல் அவரைத் தூக்கிவிட்ட அதே நாக்கு இங்கே சறுக்கியது. ஒப்பந்த வாசகம் நிதானமானது, அதை விற்ற பேச்சு நிதானமற்றது. எதிரிகள் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

லண்டனில் வேலை நன்றாகவே நடந்தது. 1868 ஆகஸ்டில் யாங்சோ நகரில் மிஷனரிகளைக் கும்பல் தாக்க, பிரிட்டிஷ் தூதரக அதிகாரி போர்க்கப்பல்களோடு நான்ஜிங் போய் மிரட்டியிருந்தார். டிசம்பர் 28 தேதியிட்ட கடிதத்தில் வெளியுறவு அமைச்சர் கிளாரன்டன் பிரபு, சீனாவின் சுதந்திரத்துக்கு ஒவ்வாத நெருக்கடி தரமாட்டோம் என்று பர்லிங்கேமுக்கு எழுதினார். அவர் ஐரோப்பாவில் வாங்கியவற்றில் உருப்படியான தாள் அது.

பிப்ரவரி 13
ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார்: ஒப்பந்தம் போட அவருக்கு அதிகாரமே இல்லையே? நியாயமான கேள்வி. முக்கியமானதை யாமெனிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்பதே உத்தரவு. ஆனால் சீனாவுக்குத் தந்தி இல்லை. ஷாங்காய்க்குக் கம்பி வந்தது 1871-இல். கேட்டுப் பதில் வர மாதங்கள் ஆகும். கையெழுத்துப் போட்டுவிட்டு அனுப்பினார். பெய்ஜிங் உடனே ஏற்கவில்லை. ஒப்புதல் பத்திரங்கள் அங்கே பரிமாறப்பட்டது 1869 நவம்பர் 23-இல். 12-ஆம் தேதிக் குறிப்பில் பேச்சை மட்டும் குறை சொன்னேன். இந்த அவசரத்தையும் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 15
1882 எப்படி வந்தது, படிப்படியாக.

அமெரிக்கச் சீனர் எண்ணிக்கை 1870 கணக்கெடுப்பில் சுமார் 63,000. 1880-இல் சுமார் 1,05,000. மொத்த மக்கள் தொகையில் ஒரு தூசு, ஆனால் பெரும்பாலும் பசிபிக் கரையில். சீனர்கள் உழைத்த, கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை 1869 மே மாதம் முடிந்தது, 1873-இல் பொருளாதார நெருக்கடி, வேலையில்லாதவர்களின் கோபம் சீனர் மேல் திரும்பியது. 1879-இல் ஒரு கப்பலில் 15 சீனருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று காங்கிரஸ் மசோதா போட்டது. மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் ஹேய்ஸ் வீட்டோ செய்தார். காரணம் இந்த ஒப்பந்தம்தான்: ஒரு பகுதியை நாம் மீறினால் சீனா முழுவதையும் உதறலாம், அங்கிருக்கும் அமெரிக்கர்களின் பாதுகாப்பு போய்விடும்.

ஆகவே ஒப்பந்தத்தையே மாற்ற ஜேம்ஸ் ஏஞ்சல் தலைமையில் குழு போனது. 1880 நவம்பர் 17-இல் புதிய ஒப்பந்தம்: தொழிலாளர் வருகையை அமெரிக்கா ஒழுங்குபடுத்தலாம், குறைக்கலாம், நிறுத்தி வைக்கலாம், அடியோடு தடுக்கக்கூடாது. 'நிறுத்தி வைக்கலாம்' என்ற அந்தச் சொல் வழியாகத்தான் 1882 உள்ளே வந்தது. முதல் மசோதா 20 வருடம் என்றது. அது நிறுத்தி வைப்பதாகாது என்று அதிபர் ஆர்தர் வீட்டோ. 10 வருடம் என்று குறைத்ததும் மே 6-இல் கையெழுத்து. பிறகு நீட்டிக்கொண்டே போய், நீங்கியது 1943 டிசம்பரில்.

குடியுரிமை? 1882 சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இனி எந்த நீதிமன்றமும் சீனருக்குக் குடியுரிமை வழங்கக்கூடாது என்கிறது. ஆனால் 1878-லேயே கலிபோர்னியாவில் ஆ யப் என்பவரின் மனுவை, சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' சீனர் அல்லர் என்று ஃபெடரல் நீதிமன்றம் தள்ளியிருந்தது. 1882 பறித்தது வரும் உரிமையை. குடியுரிமையைப் பொறுத்தவரை, முன்பே சாத்திய கதவுக்குப் பூட்டுப் போட்டது.

பிப்ரவரி 16
"அப்படியானால் ஒப்பந்தத்தால் பயனே இல்லையா?" இருந்தது. 1879 கலிபோர்னியா அரசமைப்பு, நிறுவனங்கள் சீனரை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. பாதரசச் சுரங்க நிறுவனமொன்றின் தலைவர் டிபர்சியோ பாரட் கைதானார். 1880-இல் ஃபெடரல் நீதிமன்றம் அவரை விடுவித்தது: வசிக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னால் பிழைக்க வேலை செய்யலாம் என்பதும் அதில் அடக்கம், மாநிலச் சட்டம் அதை மீற முடியாது. 6-ஆம் ஷரத்து சோறு போட்ட இடம் இது.

மாநிலத்துக்கு எதிராக நின்ற கவசம் காங்கிரசுக்கு எதிராக நிற்கவில்லை. 1888 ஸ்காட் சட்டம், ஊர் போய்த் திரும்ப அரசே கொடுத்த சான்றிதழ்களை ஒரே நாளில் செல்லாததாக்கியது. ஊர் போய்த் திரும்பிய சீனத் தொழிலாளி சே சான் பிங் கையில் சான்றிதழ், காலுக்குக் கீழே கப்பல், சட்டம் அமலாகி ஒரு வாரம். 1889-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்துக்குப் பின் வந்த சட்டமே செல்லும் என்றது.

பிப்ரவரி 19
சம்னர். 1868-இல் செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர் அவர். ஒப்பந்தம் அவர் கை வழியாகத்தான் போனது. 1870 ஜூலை 4 அன்று குடியுரிமைச் சட்டத்திலிருந்து 'வெள்ளையர்' என்ற சொல்லையே எடுக்க முயன்றார். சீனர்களைச் சொல்லியே மேற்கு மாநில செனட்டர்கள் எதிர்த்தார்கள், தோற்றது. கடைசியில் ஆப்பிரிக்க வம்சாவளியினரை மட்டும் சேர்த்தார்கள். 6-ஆம் ஷரத்தின் கடைசி வாக்கியம் விட்ட இடைவெளியை அடைக்க நடந்த நேரடி முயற்சி அதுதான்.

பர்லிங்கேம் அப்போது இல்லை. பெர்லினில் பிஸ்மார்க்கைப் பார்த்துவிட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனவர், ஜார் இரண்டாம் அலெக்சாண்டரைச் சந்தித்த சில நாளில் நிமோனியாவில் 1870 பிப்ரவரி 23 அன்று இறந்தார். வயது 49. சீன அரசு குடும்பத்துக்கு 10,000 தேல் (சீன எடை அளவு) வெள்ளி அனுப்பியது. ஜிகாங் மீதிப் பயணத்தை முடித்து ஊர் திரும்பினார்.

பிப்ரவரி 20
7-ஆம் ஷரத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டேன். 1872 முதல் சீன அரசுக்காக யுங் விங் என்பவர் 120 சீனச் சிறுவர்களை அமெரிக்காவில் படிக்கக் கொண்டுவந்தார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியிலும் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியிலும் சேர்க்க வேண்டும் என்பது சீனாவின் எதிர்பார்ப்பு. அரசுக் கல்வி நிலையம் என்று ஷரத்தே சொல்கிறது. இடம் கிடைக்கவில்லை. 1881-இல் எல்லாரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் அப்போதும் அமலில் இருந்தது.